எந்த முகம் தாளுக்கு நேராக? – சாய்வெறியம் குறித்துச் சில குறிப்புகள்

1

ஒரு தகரப் பெட்டியிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

1980-களின் கடைசி. புதுச்சேரியில் ஒரு சின்னப் பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். பட்டறையின் பெயர் வேண்டாம். டீ-ஸ்கொயர், இரண்டு செட்-ஸ்கொயர், அமோனியா நாற்றம் அடிக்கிற பிரிண்ட், இவைதான் அன்றைக்கு என் உலகம். ஒருநாள் அவசர ஆர்டர் வந்தது. தகரத்தில் ஒரு பெட்டி. அகலம் 800, உயரம் 500, ஆழம் 600 மில்லிமீட்டர். பிளான், எலிவேஷன் என்று தனித்தனியாகப் போட நேரமில்லை. "சும்மா ஒரு படமா போட்டுக் குடுப்பா, பாத்தாப் புரியணும்" என்றார் முதலாளி. பத்தில் ஒன்று அளவில் போட்டேன். முன்முகம் 80-க்கு 50. மூலையிலிருந்து 45 டிகிரியில் சாய்வாகக் கோடு இழுத்து ஆழத்தைக் காட்டினேன். 60 இழுக்காமல் 30 இழுத்தேன். பாலிடெக்னிக்கில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆழத்தைப் பாதியாக்கினால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும். அகலத்துக்கும் உயரத்துக்கும் எண் எழுதினேன். ஆழத்துக்கு எழுத மறந்துபோனேன். ஓரத்தில் 'அளவு 1:10' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பெட்டி தயாராக இருந்தது. ஆழம் 300.

வெட்டி மடித்து வெல்டு வைத்தவர் இருபது வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவர். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். அவர் என்னிடம் கோபப்படவில்லை. படத்தை எடுத்து வந்து மேஜைமேல் விரித்தார்.

"தம்பி, கோட்ட அளந்துதான வெட்டுனேன். இந்தக் கோடு எம்பது, எண்ணூறு வெட்டுனேன். இது அம்பது, ஐநூறு. இந்தக் கோடு முப்பது. அப்ப முந்நூறுதான? இந்தக் கோட்டுக்கு மட்டும் வேற கணக்குன்னா அது எங்க எழுதியிருக்கு?"

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வீணாய்ப்போன தகரத்தின் விலையை அவர் கூலியில் பிடித்தார்கள். "படம் படிக்கத் தெரியாத ஆளு" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அவருடைய கேள்விக்கு அப்போது சொல்லாத பதிலை இப்போது எழுதிப் பார்க்கிறேன். நம் சூழலில் 'பார்வை' என்கிற சொல் படாதபாடு படுகிறது. அரசின் பார்வை, ஆணின் பார்வை, காலனியப் பார்வை என்று எழுதிக்கொண்டே இருக்கிறோம். பார்வைக்குள் அதிகாரம் இருக்கிறது என்பதை ஃபூக்கோவைப் படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒத்துக்கொண்டாயிற்று. ஆனால் பார்த்த பொருளைத் தாளில் இறக்குகிறபோது எது தங்குகிறது, எது போகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பேசுவதில்லை. அது பட்டறைச் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். பட்டறையில் அதற்குக் கூலி பிடிக்கிறார்கள்.

2

முதலில் சொற்கள். ஒரு திடப்பொருளின் உருவத்தைத் தட்டையான தாளில் விழவைப்பதைத் தமிழ்நாட்டு, புதுச்சேரிப் பட்டறைகளில் 'புரொஜக்‌ஷன்' என்றே சொல்கிறோம். ஈழத்துப் பாடப்புத்தகங்கள் 'எறியம்' என்கின்றன. நல்ல சொல். கதிர்களால் ஒரு பொருளைத் தாள்மேல் எறிகிறோம். கதிர்கள் எப்படி வருகின்றன என்பதைப் பொறுத்து எறியம் மூன்று வகைப்படும். நான் இங்கே பேசப்போவது மூன்றாவது வகையான 'ஆப்ளிக்' பற்றி. அதைச் சாய்வெறியம் என்று வைத்துக்கொள்வோம்.

கணக்குப் புத்தகம் வேண்டாம். சுவரில் அடித்த ஓர் ஆணி போதும்.

நேர் கிழக்கு பார்த்த சுவர் ஒன்றில் நீளமான ஆணியைச் செங்குத்தாக அடியுங்கள். ராத்திரியில் பக்கத்தில் ஒரு விளக்கை வைத்தால், விளக்கு என்கிற ஒரே புள்ளியிலிருந்து கதிர்கள் விரிந்து போகின்றன. விளக்கை நகர்த்தினால் நிழல் பெரிதாகும், சிறிதாகும், கோணும். அந்த விளக்கின் இடத்தில் ஒரு கண்ணை வைத்துப் பாருங்கள், அதுதான் பெர்ஸ்பெக்டிவ். எல்லாம் அந்த ஒற்றைக் கண்ணுக்குக் கட்டுப்பட்டது. கண்ணுக்குக் கிட்ட இருப்பது பெரிது, எட்ட இருப்பது சிறிது. தண்டவாளம் தூரத்தில் போய் ஒரு புள்ளியில் முட்டிக்கொள்வதாகத் தெரிவது இந்தக் கணக்கில்தான்.

சூரியன் வேறு மாதிரி. ரொம்பத் தூரத்தில் இருப்பதால் அதன் கதிர்கள் நமக்கு இணையாக வந்து சேர்கின்றன. பகலும் இரவும் சமமாக இருக்கிற மார்ச் 21 வாக்கில் ஒரு காலையில் அந்தச் சுவருக்கு முன்னால் நில்லுங்கள். சூரியன் கடலிலிருந்து எழும்புகிற நேரத்தில் கதிர் சுவரில் செங்குத்தாக மோதுகிறது. ஆணிக்கு நிழலே இல்லை, ஆணியின் தலை ஒரு புள்ளியாக விழுகிறது. இது நேரெறியம், எஞ்சினியர்கள் சொல்கிற எலிவேஷன். சுவரோடு இணையாக இருக்கிற எல்லாம் அசல் அளவில் இருக்கும், சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஆழம் மட்டும் அடியோடு காணாமல் போகும்.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு திரும்ப வந்து பாருங்கள். கதிர் இப்போது சுவரில் சுமார் 63 டிகிரியில் சாய்வாக மோதுகிறது. நிழலின் நீளம் ஆணியின் நீளத்தில் சரிபாதி. ஒன்பது மணி வாக்கில் கதிர் 45 டிகிரிக்கு வந்துவிடும். நிழலும் ஆணியும் ஒரே நீளம். அதற்கப்புறம் வெயில் சுவரைத் தடவிக்கொண்டு போக ஆரம்பிக்கும். நிழல் ஆணியைவிட நீண்டு, உச்சியில் காணாமலே போகும்.

சாய்வெறியம் என்பது இவ்வளவுதான். கதிர்கள் இணையாக இருக்கின்றன, ஆனால் தாளில் நேராக விழாமல் சாய்வாக விழுகின்றன. எட்டு மணி நிழலுக்குக் 'காபினெட்' என்று பெயர். ஆழம் பாதி, மர அலமாரி செய்கிறவர்களின் படங்களோடு சேர்ந்து வந்த பெயர் இது. ஒன்பது மணி நிழலுக்குக் 'கேவலியர்'. ஆழம் முழுசு. (வாத்தியார் கேவலியர் என்றதுமே பின்பெஞ்சில் 'கேவலம்' என்று குரல் வரும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது 'பெர்ஸ்பெக்டிவ் கவாலியேர்'.) நான் தகரப் பெட்டிக்குப் போட்டது எட்டு மணிப் படம். அண்ணன் அதை ஒன்பது மணிப் படமாகப் படித்தார். எந்த மணி என்று எழுதியிருக்க வேண்டியவன் நான்.

3

தாளில் இதை எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போட்டுப் பார்த்தால்தான் இதன் சூட்சுமம் பிடிபடும்.

ஒரு தாளில் 40 மில்லிமீட்டர் சதுரம் ஒன்று வரையுங்கள். அதுதான் முன்முகம். மூன்று மூலைகளிலிருந்து வலதுபக்கம் மேல்நோக்கி 45 டிகிரியில் மூன்று இணைகோடுகளை, ஒவ்வொன்றும் 40 நீளத்துக்கு இழுத்து, முனைகளைச் சேருங்கள். ஒரு கனசதுரத்தின் கேவலியர் படம் ரெடி. ஆனால் அது கனசதுரம் மாதிரியே இருக்காது, நீளமான டிரங்குப் பெட்டி மாதிரி இருக்கும். அளந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் 40. இப்போது சாய்ந்த கோடுகளை 20 ஆக்குங்கள். உடனே கண் ஒத்துக்கொள்கிறது, கனசதுரம்தான் என்கிறது. ஆனால் அளந்தால் தப்பு. அளக்கச் சரியாக இருப்பது பார்க்கத் தப்பாக இருக்கிறது. பார்க்கச் சரியாக இருப்பது அளக்கத் தப்பாக இருக்கிறது. சாய்வெறியத்தின் நிரந்தரச் சிக்கல் இது. இரண்டையும் ஒருசேரத் தரும் படம் கிடையாது.

ஏன் முழு ஆழம் கண்ணுக்குப் பொய்யாகத் தெரிகிறது? படம் பொய் சொல்லவில்லை, நாம் நிற்கிற இடம்தான் வேறு. கதிர் சாய்வாக வந்திருக்கிறது, நாமோ தாளை நேருக்கு நேர் பார்க்கிறோம். கேவலியர் படத்தை மேஜைமேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை வலது மேல்மூலைப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்வாகக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். டிரங்குப் பெட்டி சுருங்கிக் கனசதுரமாக நிற்கும். அந்தப் படத்துக்கும் ஒரு பார்வையாளர் உண்டு. அவர் எங்கோ மேலே, ஓரத்தில், எட்டாத தூரத்தில் நிற்கிறார். படம் அவரை மறைத்துவிட்டு, யாருமே பார்க்காமல் தானாக விழுந்த உருவம் மாதிரி தன்னைக் காட்டிக்கொள்கிறது.

மூன்றாவது ஒரு வகையும் இருக்கிறது. முன்முகத்துக்குப் பதிலாகத் தரைப் படத்தை, அதாவது பிளானை, அப்படியே அசல் வடிவில் வைத்துக்கொண்டு அதைக் கொஞ்சம் திருப்பி, ஒவ்வொரு மூலையிலிருந்தும் சுவர்களை நேர் மேலே எழுப்பினால் அது 'மிலிட்டரி' அல்லது 'பிளானோமெட்ரிக்'. இங்கே தரை உண்மை, உயரத்துக்குத்தான் கணக்கு. 1996-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 5456-இன் மூன்றாம் பகுதி கேவலியர், காபினெட், பிளானோமெட்ரிக் எல்லாவற்றுக்கும் விதி வகுத்திருக்கிறது.

விதிகளில் ஒன்றை மட்டும் இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். சாய்வெறியம் போடுமுன் மாணவனுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம்: பொருளின் முக்கியமான முகம் எதுவோ, வளைவும் வட்டமும் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அதைத் தாளுக்கு இணையாக வை. அந்த முகத்தில் வட்டம் வட்டமாகவே இருக்கும், செங்கோணம் செங்கோணமாகவே இருக்கும். பக்கவாட்டில் தள்ளப்பட்ட முகத்தில் வட்டம் நசுங்கி நீள்வட்டமாகிவிடும். எறிவதற்கு முன்பே ஒரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது. எது முகம், எது பக்கம் என்பது பொருளில் எழுதியிருப்பதில்லை. வரைகிறவர் எழுதுகிறார்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு பெட்டிக்கு ஆறு முகம். இந்தப் படத்தில் தெரிவது மூன்று. தெரியாத மூன்றைப் புள்ளிக்கோடுகளால் காட்ட முடியும். ஆனால் இந்த மாதிரிப் படங்களில் மறைகோடு போடுவது வழக்கமில்லை. படம் குழம்பிப்போகும் என்பார்கள். பின்முகம், அடிமுகம், மறுபக்கம் மூன்றும் படத்தின் தெளிவுக்காக விடப்படுகின்றன.

4

இதை வெறும் பட்டறை உத்தி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, 'மிலிட்டரி' என்கிற பெயர் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு சொல்தாக்கள் இருந்த ஊர் எங்களுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களை இங்கே இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். படத்தில் சொல்தா எப்படி வந்தார்?

கோட்டை கட்டுகிறவர்களுக்குப் பெர்ஸ்பெக்டிவ் உதவவில்லை. அதில் எட்ட இருக்கிற கொத்தளம் சுருங்கிவிடும். அதைப் பார்த்துப் பீரங்கி எட்டும் தூரத்தைக் கணக்கிட முடியாது. வெறும் பிளானோ உயரத்தைச் சொல்லாது. கோட்டை முழுவதும் ஒரே பார்வையில் தெரியவேண்டும், எந்த இடத்திலும் அளவுகோலை வைத்து அளக்கவும் வேண்டும். 1564-இல் வெனிஸில் வெளிவந்த மாஜியும் காஸ்திரியோத்தோவும் எழுதிய கோட்டை நூலிலேயே, சிப்பாய்களுக்கான பார்வை என்று இதைத் தனியாகப் பிரித்துப் பேசுகிறார்கள். கேவலியர் என்ற சொல்லுக்கும், கோட்டைக்குள் மற்றதைவிட உயரமாக எழுப்பிய மண்மேட்டின் பெயர் அது, அங்கிருந்து பார்க்கிற பார்வை இது என்று ஒரு விளக்கம் உண்டு; குதிரைமேல் இருப்பவனின் உயரமான பார்வை என்று இன்னொரு விளக்கமும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் தரையில் நடக்கிறவனுடைய பார்வை இல்லை அது.

புதுச்சேரிக்கும் இந்த மரபுக்கும் உறவு நேரடியானது. 1693-இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள்தான் இங்கே நேர்கோட்டுத் தெருக்களுக்குத் திட்டம் போட்டார்கள். அப்புறம் பிரான்சுவா மார்த்தேன் காலத்தில், பதினான்காம் லூயியின் கோட்டை எஞ்சினியர் வோபானின் தூர்னே கோட்டையை முன்மாதிரியாகக் கொண்டு ஐந்து கொத்தளங்களோடு லூயி கோட்டை எழும்பியது, 1706-இல் முடிந்தது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்குப் பாரதி பூங்காவைச் சுற்றி நடக்கும்போது அதன் நிழல்கூடத் தெரியாது. ஆனால் கோடு தங்கிவிட்டது. கடல் பக்கம் வெள்ளை நகரம், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே கறுப்பு நகரம். நடுவில் ஓடுகிற வாய்க்காலை ஒரு பிளானின் கோடாகவும் படிக்கலாம், ஒரு சாதி-இனக் கோடாகவும் படிக்கலாம்.

இந்த இடத்தில் நம் தோழர்களுக்கு ஒரு அவசரம் வரும். பார்த்தீர்களா, சாய்வெறியம் என்பதே காலனியத்தின் ஆயுதம் என்று முடித்துவிடத் தோன்றும். அது சரியாக வராது. சீனத்துச் சுருளோவியங்களில் நூற்றாண்டுகளாக வீடுகளும் பாலங்களும் இணைகோட்டுச் சாய்விலேயே இருக்கின்றன. கையால் சுருட்டிக்கொண்டே, அவிழ்த்துக்கொண்டே பார்க்கிற ஓவியத்தில் ஒரே இடத்தில் நிற்கிற கண்ணுக்கு வேலை இல்லை. நம்முடைய நாயக்கர் காலச் சுவரோவியங்களிலும் குளத்தை மேலிருந்து பார்த்த சதுரமாகவும், அதன் கரையில் நிற்கிற ஆளையும் மரத்தையும் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரியும் ஒரே படத்தில் வைக்கிறார்கள். காலனியக் கலைப்பள்ளிகளில் பழகிய கண்கள் இதைப் 'பெர்ஸ்பெக்டிவ் தெரியாமை' என்று படித்தன. தெரியாமை இல்லை, வேறொரு தேவை.

ஐரோப்பாவுக்குள்ளேயே இது திரும்பியும் வந்தது. 1920-களில் எல் லிஸிட்ஸ்கி, பெர்ஸ்பெக்டிவ் உலகத்தை ஒற்றைக் கண்ணுக்குள் அடைத்துவிடுகிறது என்று விமர்சித்து, இணைகோட்டு வரைவை ஒரு புதிய, முடிவில்லாத வெளியின் மொழியாக எடுத்துக்கொண்டார். 1923-இல் பாரிஸ் கண்காட்சியில் டச்சு டி ஸ்டைல் குழுவினர் வீடுகளை இதே முறையில் காட்டினார்கள். பெர்ஸ்பெக்டிவ் ஒரு இயற்கை உண்மை இல்லை, ஒரு காலத்தின் குறியீட்டு வடிவம் என்று பனோஃப்ஸ்கி எழுதியதும் அந்தப் பத்தாண்டில்தான். மாஸிமோ ஸ்கொலாரி என்கிற இத்தாலியக் கட்டடக் கலைஞர் சாய்வு வரைவின் நீண்ட வரலாற்றைப் பெர்ஸ்பெக்டிவுக்கு எதிரான வரலாறாகவே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் 2012-இல் வந்தது.

தளபதிக்கும் பயன்பட்டது, புரட்சிக்காரருக்கும் பயன்பட்டது. ஆகவே கேள்வி இந்த உத்தி நல்லதா கெட்டதா என்பதில்லை. ஒவ்வொரு படத்தையும் பார்த்து இரண்டு கேள்வி கேட்கவேண்டும். ஒன்று: எந்த முகத்தைத் தாளுக்கு நேராக வைத்திருக்கிறார்கள்? இரண்டு: ஆழத்தை எவ்வளவு குறைத்திருக்கிறார்கள், அதை எழுதியிருக்கிறார்களா?

5

இந்த இரண்டு கேள்விகளோடு எங்கள் ஊரை ஒருமுறை சுற்றி வரலாம்.

கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மன்றம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய முகத்தோடேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். கடலைப் பார்த்த அந்த முகம் திரும்பி வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். அதே மாதிரி தமிழர் பகுதியில் வைசியாள் வீதி. 2002-இலிருந்து 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் அந்தத் தெருவின் வீட்டு முகப்புகளைச் சீரமைத்தார்கள். தெருவுக்கு நிழல் தருகிற தாழ்வாரமும் மரத்தூணும் திண்ணையும் மறுபடி வரிசையாக நின்றன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. அந்த வேலை நடந்திராவிட்டால் அங்கே இன்றைக்குக் கண்ணாடிக் கடைகள்தான் இருந்திருக்கும். ஆகவே நான் குறைசொல்ல வரவில்லை, படிக்க வருகிறேன்.

'மரபு' என்கிற சொல்லாடல் நம் ஊர்களில் எப்படிக் கட்டமைக்கப்படுகிறது? சாய்வெறியம் மாதிரிதான். முன்முகம் தாளுக்கு நேராக வைக்கப்படுகிறது, ஒவ்வொரு தூணும் அசல் அளவில் கிடைக்கிறது. ஆழம் பாதியாகிறது. பின்முகம் விடப்படுகிறது. தமிழர் வீடு என்பது திண்ணையோடு முடிவதில்லை. ரேழி, முற்றம், அறைகள், சமையல்கட்டு, கொல்லை என்று பின்னால் நீண்டு போகிறது. நான் வளர்ந்த தெருவில் திண்ணையில் யார் உட்காரலாம், ரேழி வரைக்கும் யார் வரலாம், முற்றத்தைத் தாண்ட யாருக்கு உரிமை என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் அதைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் கொல்லைப்புறச் சந்து வழியாகவே வந்து அதே வழியாகவே போனார்கள். பெண்களின் பகல் முழுக்கப் பின்கட்டில் கழிந்தது. அந்த வீட்டின் சாதியும் பால்வேறுபாடும் ஆழத்தில்தான் இருந்தன, முகத்தில் இல்லை. எந்த முகம் முக்கியம் என்று தீர்மானிக்கிற விதி, வட்டமும் வளைவும் எங்கே இருக்கிறதோ அங்கே பார் என்கிறது. சந்துக்கு வளைவும் கிடையாது, தூணும் கிடையாது. அது எப்போதும் மறைகோடுதான், அந்தக் கோட்டையும் போடுவதில்லை.

இதைச் சொன்னால், "அதுக்காகப் பின்பக்கத்தை முன்னாடி வச்சு வரையச் சொல்றியா?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஏன் கூடாது என்று கேட்டேன். சந்தின் முகத்தைத் தாளுக்கு நேராக வைத்து, அந்தத் தெருவை ஒருமுறை வரைந்து பாருங்கள். அப்போது திண்ணைதான் சாய்ந்து நசுங்கும். அது 'உண்மையான' படம் என்று சொல்லமாட்டேன். இதுவும் ஒரு முகத்தை மட்டுமே தருகிறது. ஆனால் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது முதல் படமும் ஒரு தேர்வுதான் என்பது தெரிந்துபோகும்.

6

எதிர்த்திசையில் போன ஒருவரைச் சொல்லவேண்டும். ஒகுஸ்த் ஷ்வாஸி, பிரெஞ்சு அரசின் சாலை-பாலத் துறை எஞ்சினியர். 1899-இல் வெளிவந்த அவருடைய கட்டடக்கலை வரலாற்றில் கோயில்களையும் தேவாலயங்களையும் கீழேயிருந்து மேலே பார்க்கிற மாதிரி வரைந்தார். தரையையே எடுத்துவிட்டு, அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற படம். சுவர்களின் வெட்டுமுகம் பிளானாகத் தெரியும், அதே படத்தில் சுவர் எழும்பி வளைவாகிக் கூரையைத் தாங்குவதும் தெரியும். பாரம் எங்கே இறங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். கீழிருந்து என்றவுடன் இதுதான் விளிம்புநிலைப் பார்வை என்று துள்ளவேண்டாம். அது ஒரு எஞ்சினியரின் வசதி. ஆனாலும் பாரம் தாங்குகிற இடத்திலிருந்து ஒரு கட்டடத்தைப் பார்க்க முடியும், அளவு கெடாமலேயே பார்க்க முடியும் என்று அவர் காட்டிவிட்டார். வழக்கமாக விடப்படும் அடிமுகத்தை அவர் தாளுக்கு நேராக வைத்தார்.

இன்னொருவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ். 1822-இல் ஐசோமெட்ரிக் முறைக்கு விதி எழுதினார். அது சாய்வெறியம் இல்லை, நேரெறியத்தின் உறவு; மூன்று அச்சுக்கும் ஒரே அளவு, எதற்கும் முன்னுரிமை கிடையாது. எனக்கு அதில் பிடித்தது அதன் காரணம். வகுப்பில் காட்டுகிற எந்திர மாதிரிகளை அவருடைய உதவியாளர்கள் கழற்றிப் பூட்டவேண்டியிருந்தது. பூட்டுகிறவர்களுக்குப் புரிகிற படம் அவருக்குத் தேவைப்பட்டது. இதோடு ஒப்பிடக் காஸ்பார் மோன்ஜை நினைத்துக்கொள்ளலாம். பிளானையும் எலிவேஷனையும் இணைக்கிற வடிவக்கணிதத்தை அவர் பிரெஞ்சு ராணுவப் பள்ளியில் உருவாக்கியபோது அது பல வருஷம் ராணுவ ரகசியமாகவே வைக்கப்பட்டது. புரட்சிக்குப் பிறகுதான் பொது வகுப்பில் சொல்லித்தர முடிந்தது. ஒரே வரைவியல், ஓரிடத்தில் செய்கிறவருக்கு விளக்கம், இன்னோரிடத்தில் அவரிடமிருந்து மறைப்பு.

தகரப் பெட்டிக்குத் திரும்பி வருகிறேன். வரைபடத்தை அளவுகோல் வைத்து அளக்காதே, எழுதியிருக்கிற எண்ணைப் பார் என்று தொழிலில் ஒரு பழைய விதி உண்டு. அந்த விதியைச் சொல்லித்தான் அன்றைக்கு அண்ணனைக் குற்றவாளி ஆக்கினார்கள். ஆனால் எண்ணே எழுதப்படாத கோட்டை அவர் வேறு எப்படிப் படிப்பார்? ஆழம் பாதி என்பது எங்களைப் போன்ற படித்தவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம். தாளில் அது இல்லை, எங்கள் மண்டைக்குள் இருந்தது. ஒப்பந்தத்தை எழுதாமல் விட்டவனுக்குப் பெயர் டிராஃப்ட்ஸ்மேன். எழுதாததைப் படிக்காமல் போனவருக்குப் பெயர் படம் படிக்கத் தெரியாத ஆள். அதிகாரம் பார்வையில் இருக்கிறது என்று சொல்கிறோமே, அது இங்கே இன்னும் சாதாரணமான ஓரிடத்தில் இருந்தது: யார் எழுதாமல் விடலாம், அதற்கு யார் கூலியை இழக்கவேண்டும் என்பதில்.

இப்போது டீ-ஸ்கொயர் போய்விட்டது. ஆட்டோகேடில் பொத்தானை அழுத்தினால் ஐசோமெட்ரிக்கும் பெர்ஸ்பெக்டிவும் வரும்; சாய்வெறியத்துக்குத் தனியாக ஏதாவது வித்தை பண்ணவேண்டும். ஆனாலும் சிமெண்டுக் காகிதத்தின் பின்பக்கத்தில் கொத்தனாருக்கு மேஸ்திரி போட்டுக்காட்டுகிற படம் இன்றும் சாய்வெறியம்தான். ஒரு சதுரம், மூன்று சாய்ந்த கோடு. குழந்தைகள் போடுகிற வீடும் அதுதான். பேனாவை எடுத்த எவராலும் போட முடிகிற படம் என்பதுதான் அதன் பலம். அந்தப் படத்தில் சாய்ந்த கோட்டின் பக்கத்தில் ஒரு எண்ணையும், ஓரத்தில் 'ஆழம் பாதி' என்கிற இரண்டு சொல்லையும் எழுதினால் போதும். நான் அன்றைக்கு எழுதியிருக்கவேண்டியது அவ்வளவுதான். அந்த அண்ணன் இப்போது இல்லை. அவரிடம் ஒப்புக்கொள்ளாததை இங்கே எழுதுகிறேன்.

எழுதுகிற நண்பர்களிடமும் களத்தில் இருக்கிற தோழர்களிடமும் ஒரு வேண்டுகோள். நாமும் நம் கட்டுரைகளிலும் அறிக்கைகளிலும் ஏதோ ஒரு முகத்தைத் தாளுக்கு நேராக வைத்துத்தான் வரைகிறோம், வேறு வழியில்லை. எதை வைத்தோம், எதைப் பாதியாக்கினோம், எந்த மூன்று முகத்தை விட்டோம் என்பதை ஓரத்தில் எழுதி வைப்போம். படித்துவிட்டு வெட்டப்போகிறவர் வேறொருவர். தப்பினால் கூலி போவது அவருக்கு.